ஆறு மணிக்கு இட்லி, பத்து மணிக்குக் கல்

2025 ஆகஸ்ட் 11, திங்கள், காலை பத்தேகால். வண்டி: கறுப்பு மலைச் சைக்கிள், 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பு, இரண்டு சக்கரங்களிலும் எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக். உரிமையாளர்: வீணா, லிங்கராஜபுரம், பாலத்தின் கீழ்த் தெரு; ஓரத்தில் தொலைபேசி எண். பழுது: முன் பிரேக்கில் ஏர். காரணம்: ஹோஸ் முனை தளர்ந்திருந்தது, இறுக்கியாயிற்று. வெளியேறிய குமிழ்கள்: பதினேழு. பின் பிரேக்: தொடவில்லை, நன்றாக இருக்கிறது. முந்தைய இரவு: மழை. விரல் தீர்ப்பு: கல்.

இத்தனையையும் எழுதி முடித்த பிறகுதான் எரிக் தனசாமிக்குக் கையைத் துடைக்க மனம் வரும். ஆகவே அவருடைய குறிப்பேட்டில் எண்ணெய்க் கட்டைவிரல் பதியாத பக்கம் ஒன்றுகூட இல்லை. வயது ஐம்பத்து நான்கு. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்சந்தில், ஒரு கார் நிற்கும் அளவுள்ள ஷெட்தான் கடை. வெளியே தொங்கும் பலகை முன்பு அங்கிருந்த ஜெராக்ஸ்காரருடையது. அதைக் கழற்ற வேண்டும் என்று ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உடுத்தும் நீல ஓவர்கோட்டும் அவருக்கென்று தைத்ததல்ல. பீன்யாவில் ஒரு தொழிற்சாலை பழைய சாமான்களைக் கழித்தபோது வாங்கியது. மார்புப் பையின்மேல் கன்னடத்தில் ‘ரவிக்குமார்’ என்று நூல் வேலை செய்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் “ரவி சார்” என்று அழைப்பார்கள். எரிக் திரும்பிப் பார்ப்பார், பதிலும் சொல்வார். “ரவின்னு கூப்டா வண்டி நிக்காதா என்னா?” என்பது இது குறித்து அவர் சொல்லும் ஒரே விளக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் சர்வீஸ் நிலையம் ஒன்றில் பிரேக் வேலை மட்டும் பார்த்தவர். 2016இல் சைக்கிளுக்கு வந்தார். டிஸ்க் பிரேக் என்றால் ஒயிட்ஃபீல்டிலிருந்துகூட அவரைத் தேடி வருகிறார்கள். காரணம், அவர் ஏர் எடுக்கும், அதாவது பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றும் விதம். லீவரைத் தரைக்குச் சமமாகத் திருப்பி, அதன் தலையிலுள்ள சிறிய ஆயில் கப்பைத் திறப்பார். கீழே சக்கரத்தருகே டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரில் சிரிஞ்ச்சை மாட்டி எண்ணெயை மெல்ல மேல்நோக்கித் தள்ளுவார். மற்றக் கையில் ஒரு பாயசக் கரண்டி. அதன் காம்பால், இரண்டையும் இணைக்கும் ஹோஸ் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வருவார். ஒளிந்திருக்கும் காற்று குமிழாகக் கிளம்பி மேலே வெடிக்கும். ஒவ்வொன்றையும் உரக்க எண்ணுவார். தேவாலயப் பங்குத் திருவிழாவில் ஆண்டுதோறும் தம்போலா ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவரும் அவரே என்பதால், அந்தக் குரலைச் சந்தில் போகிறவர்கள் அடையாளம் கண்டு ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் போல “ஹவுஸ்!” என்று கத்திவிட்டுப் போவதுண்டு. குமிழ் வருவது நின்றதும், எண்ணெயைக் கப்பின் விளிம்புக்கு ஒரு நகக்கண் கீழே நிறுத்தி மூடியைத் திருகுவார். சூட்டில் எண்ணெய் விரியும், அதற்கு இடம் விட வேண்டும் என்பது பைக் வேலையில் படித்த பாடம்.

கடைசியில் தீர்ப்பு. கண்ணை மூடி, வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லீவரில் வைத்து ஒரே ஒரு முறை அழுத்துவார். தீர்ப்புகள் நான்கு வகை: கல், கட்டை, ரப்பர், இட்லி. கல்லும் கட்டையும் சாலைக்குப் போகலாம். ரப்பர் மறுபடியும் ஸ்டாண்டில் ஏறும். இட்லி என்று வந்தால் அந்த வண்டியை யாரும் அவர் கண்ணெதிரே ஓட்டிச் செல்ல முடியாது.

வீணா இந்த நான்கு சொற்களையும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டாள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகச் சென்று இரத்த மாதிரி எடுப்பது அவளுடைய வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, குளிர்ப்பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஒன்பதரைக்குள் பதினொரு வீடு முடிக்க வேண்டும். முதல் வீட்டுக்கே மேம்பாலத்து இறக்கத்தைத் தாண்டியாக வேண்டும். எரிக் கையிலிருந்த சிரிஞ்ச்சைப் பார்த்துச் சிரித்தாள்.

“நாங்க ரத்தம் எடுக்கிறோம், நீங்க காத்து எடுக்கிறீங்க. அவ்ளோதான் அங்கிள் டிஃபரன்ஸ்.”

“உங்க ஆளுங்க வலிக்குதுன்னு கத்துவாங்க. என் ஆளு கத்தவே மாட்டான். அதான் கஷ்டம்.”

ஆகஸ்ட் 19, செவ்வாய், காலை பத்து மணிக்கு அவள் மறுபடியும் வந்து நின்றாள்.

“அங்கிள், காலைல இட்லி. அமுக்குனா ஹேண்டில் வரைக்கும் போவுது. பாலத்துல எறங்கித் தள்ளிக்கினே போனேன்.”

எரிக் கண்ணை மூடி அழுத்தினார். லீவர் பாதி தூரம்கூட இறங்கவில்லை.

“இதுவா இட்லி?”

“ஆறு மணிக்கு இட்லிதான்.”

“இப்போ மணி பத்து. கல்லு மாதிரி நிக்குது, பாரு.”

“அப்போ நான் பொய் சொல்றனா?”

“நீ ஏம்மா பொய் சொல்லப் போற? ஸ்வல்ப, கொஞ்சம் இரு.”

சந்தில் போன கேபிள்காரரைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார். “ஜோரா இருக்குது” என்றார் அவர். ஷெட்டுக்கு மேல்மாடியில்தான் வீடு. மனைவி அல்போன்சாவைக் கீழே வரவழைத்தார். அவர் மாவுக் கையால் அழுத்திவிட்டு, “எனக்கென்னா தெரியும், கெட்டியாத்தான் இருக்குது” என்றார். ஆனாலும் எரிக் ஹோஸைத் தட்டி மறுபடியும் ஏர் எடுத்தார். இரண்டே குமிழ்கள் வந்தன. குறிப்பேட்டில் எழுதினார்: குமிழ் இரண்டு, முந்தைய இரவு மழை, விரல் தீர்ப்பு கல். பிறகு ‘கல்’ என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குள் ஒரு சந்தேகம் அன்றுதான் நுழைந்தது. சர்க்கரை நோய் வந்து நான்கு ஆண்டுகள். போன டிசம்பரிலிருந்து அந்த இரண்டு விரல் நுனிகளிலும் பலாப்பிசின் காய்ந்து ஒட்டியது போன்ற ஒரு மரப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை. கேபிள்காரரும் அல்போன்சாவும் கெட்டி என்றது உண்மைதான். ஆனால் அவர்கள் எதைத்தான் இட்லி என்பார்கள்? ஒரு மயிரிழை வித்தியாசத்தை அவருடைய விரல்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த விரலே இப்போது ஊமையாகிவிட்டதா? வண்டி மாறுகிறதா, விரல் மாறுகிறதா?

ஆகஸ்ட் 28, வியாழன். மூன்றாவது முறை.

“உங்க முன்னாடி வந்தா மட்டும் நல்ல புள்ள மாதிரி நடிக்குது அங்கிள். காலைல பேய் புடிச்ச மாதிரி பண்ணுது.”

எரிக் வாதாடவில்லை. வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார். ஹோஸை மாற்றினார், கேலிப்பரைப் பிரித்து ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டார், டிஸ்க்கை ஸ்பிரிட்டில் கழுவினார். எல்லாம் முடிந்து குறிப்பேட்டை நிரப்பும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று பதிவுகளிலும் முந்தைய இரவு மழை. எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் இறங்குகிறது! ஆனால் அடுத்த நிமிடமே முகம் சுருங்கியது. அதே மழையில், அதே வண்டியில், பதினான்கு வருடமாக யாரும் பிரித்திராத பின் பிரேக் ஏன் கெடவில்லை? பின்சக்கரத்துக்கு மட்டும் வேறு வானமா?

இருந்தாலும் சோதித்துப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, சொம்பால் மொண்டு மொண்டு லீவரின்மேல் அரைமணி நேரம் ஊற்றினார். மாடிப்படியில் நின்று பார்த்த அல்போன்சா, “ஏங்க, சோப்பும் தரட்டுமா?” என்றார். அரைமணிக்குப் பிறகு அழுத்தினால் கல். துடைத்துவிட்டு அழுத்தினாலும் கல். குழப்பம் முன்னிலும் கெட்டியாக நின்றது.

அன்று மாலை அவர் மனைவியிடம் விரலைப் பற்றிச் சொன்னார். அல்போன்சா உள்ளே போய் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் பச்சரிசி நொய், மற்றதில் ரவை. கண்ணைக் கட்டிவிட்டு, கிண்ணங்களை மாற்றி மாற்றி நீட்டினார். பத்து முறை. எரிக் ஏழு முறை சரியாகச் சொன்னார்.

“ஏழு பாஸ்தான்.”

“பரீட்சைக்கு பாஸ். பிரேக்குக்கு ஏழு பத்தாது அல்போன்சா. மீதி மூணுல அந்தப் பொண்ணு பாலத்துல இருக்கா.”

“அதுக்கு?”

“புது ஹோஸ் போட்டிருக்கேன். இதுக்கு மேலயும் ஒரு வாட்டி திரும்பி வந்துச்சுன்னா, நான் பிரேக்கத் தொட மாட்டேன். பங்ச்சர், செயின், அவ்ளோதான். நெஜமாத்தான் சொல்றேன்.”

அல்போன்சா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று, “ரவையை எதுக்கும் தனியா வெக்கிறேன், மறுபடியும் கேப்பீங்க” என்றார். எரிக் சிரிக்கவில்லை.

வீணாவிடம் வண்டியைக் கொடுத்தபோது, “ஆய்த்து, முடிஞ்சுது. இனிமே பாலத்துல தள்ளிக்கினு போவாத, ஓட்டு” என்றார். அவளும் அந்த வார்த்தையை நம்பினாள்.

செப்டம்பர் 8 மரியன்னை பிறந்தநாள். கடை விடுமுறை. அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்குத் தொலைபேசி ஒலித்தது.

“அங்கிள், பாலத்து எறக்கத்துல முன்னாடி ஒரு ஆட்டோக்காரன் டக்குனு நிறுத்திட்டான். முன் பிரேக் சுத்தமா இல்ல. பின் பிரேக் புடிச்சேன், ஈரத்துல வண்டி வழுக்கிச்சு. கால ஊணி, ரோட்டோரக் கட்டக்கல்லு மேல ஏத்திதான் நின்னேன். ஷூ பிஞ்சி போச்சு.” அவளுடைய மூச்சு வார்த்தைகளுக்கு நடுவே ஏறி இறங்கியது. “ஓட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“லீவர அமுக்காத. அப்பிடியே புடிச்சிக்கினு நில்லு. வந்துட்டே இருக்கேன்.”

ஓவர்கோட்டுப் பைகளில் எண்ணெய்ப் புட்டியையும் ஸ்பேனரையும் திணித்துக்கொண்டு, செருப்பு மாட்டாமலே ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாலத்தோரம் வீணா இடது ஷூவின் அடிப்பாகம் தொங்க, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எரிக் இந்த முறை கண்ணை மூடவில்லை. இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொண்டது.

“இட்லி!” என்று கத்தினார். “இட்லிம்மா! பச்ச இட்லி!”

“சிரிக்கிறீங்களா அங்கிள்? நான் செத்திருப்பேன்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. விரல் செத்துப்போகவில்லை என்ற மகிழ்ச்சியும், அப்படியானால் தன் வேலை என்னாயிற்று என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்ததில், எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் போயிற்று. “மன்னிச்சிக்கோம்மா” என்று மட்டும் சொன்னார். சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார் என்று சொல்லி, வீணா பெட்டியுடன் ஆட்டோவில் ஏறினாள். போகும்போது தன் வீட்டைக் கை நீட்டிக் காட்டினாள். இரவு வண்டி அங்கேதான் இருந்தது என்றாள்.

எரிக் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பாலத்தின் கீழ்த் தெருவில், சாலை மட்டத்துக்கு ஓரடி தாழ்ந்த ஓர் அறை வீடு. வீணாவின் தாய் ஜெயலக்ஷ்மி, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் சேற்றுத் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தது. அரிசி டின், துணி மூட்டை, மிக்சி எல்லாம் அதனோடு கட்டிலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

“வாங்க ரவி சார். பாத்து, வழுக்கும்.”

“ராத்திரி இந்த வண்டிய எங்கம்மா வெச்சீங்க?”

ஜெயலக்ஷ்மி துடைப்பத்தின் முனையை மேலே தூக்கிக் காட்டினார். கூரையின் இரும்புக் கர்டரில் இரண்டு கொக்கிகள்.

“அங்கதான். மழ வந்தா தண்ணி உள்ள வந்துடும் இல்ல? போன வருசம் செயினெல்லாம் துரு ஏறிப்போச்சு. அதான் இப்போ நானும் அவளும் தூக்கி மாட்டிடுறோம்.”

“எதைப் புடிச்சு மாட்டுவீங்க?”

“சக்கரத்ததான். முன்சக்கரம் ஒண்ணுல, பின்சக்கரம் ஒண்ணுல. வேற எங்க மாட்றது?”

எரிக் கொக்கிகளையே பார்த்தார். தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு இன்னும் சாய்ந்தது. சக்கரம் மேலே, ஹேண்டில் கீழே. லீவர் எல்லாவற்றுக்கும் அடியில், கேலிப்பர் எல்லாவற்றுக்கும் உச்சியில். காற்று இருந்தால் இரவெல்லாம் ஹோஸ் வழியே ஏறிக் கேலிப்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் நிமிர்த்தி ஓட்டினால், பதினொரு வீட்டு வாசலில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, பத்து மணிக்குள் அது வந்த வழியே லீவருக்குத் திரும்பிவிடும். மழையில்லாத இரவில் வண்டி தரையில் நிற்கும், எதுவும் நடக்காது. இவ்வளவும் விளங்கியது. ஆனால் எந்தக் காற்று? ஒரு குமிழ் விடாமல் எண்ணி எடுத்தாரே? பின் பிரேக்கும்தானே தலைகீழாகத் தொங்கியது, அதில் ஏன் இல்லை?

பின் பிரேக்கை அவர் திறக்கவில்லை. முன் பிரேக்கைத் திறந்து மூடியவர் அவர்தான்.

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். கட்டிலின் விளிம்பில் ஹேண்டிலைச் சாய்த்து, லீவரைச் சமமாக்கி, ஆயில் கப்பின் மூடியைக் கழற்றினார். எண்ணெய் ஏறக்குறைய அவர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. மேலே ஒரு நகக்கண் அளவு வெற்றிடம். வெற்றிடம் என்று இத்தனை நாளும் நினைத்தது காற்று. பைக்கில் அதை விட்டே ஆக வேண்டும், பைக்கை யாரும் கூரையில் தலைகீழாக மாட்டுவதில்லை. சைக்கிள் கப்பின் மூடிக்கடியில் இருக்கும் மெல்லிய ரப்பர், எண்ணெய் விரியும்போது தானே விலகி இடம் கொடுப்பதற்காகத்தான் அங்கே இருக்கிறது; காற்றுக்கு இடம் விடவே தேவையில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த ரப்பரை ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறார்.

“என்னாச்சு ரவி சார்? கொக்கியில மாட்டுனது தப்பா?”

“தப்பு கொக்கி மேல இல்லம்மா. நான்தான் தப்பா மூடியிருக்கேன். உங்க பொண்ணு இன்னைக்கி விழ இருந்தது என்னாலதான்.” மார்புப் பையிலிருந்த பெயரைத் தொட்டார். “அப்புறம், நான் ரவி இல்லம்மா. எரிக். எரிக் தனசாமி.”

ஜெயலக்ஷ்மி அவருடைய மார்புப் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ போடப் போனார்.

எரிக் முதலில் லீவரைப் பலமுறை அழுத்தி, கேலிப்பரில் இருந்த காற்றை மேலே வரவழைத்தார். ஹோஸைத் தட்டக் கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் உரக்க எண்ணவில்லை. பிறகு கப்பை விளிம்பு ததும்ப நிரப்பி, ரப்பரை ஒரு முனையிலிருந்து மெல்லப் படுக்க வைத்தார். மிஞ்சிய எண்ணெய் பிதுங்கி அவருடைய மணிக்கட்டில் வழிந்தது. மூடியைத் திருகினார். இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தூக்கிக் கொக்கிகளில் மாட்டினார்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, தலைக்குமேல் தொங்கும் லீவரைப் பார்த்தபடி எரிக் டீ குடித்தார். சர்க்கரை போட்டிருந்தது. சொல்லவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வீணா திரும்பி வந்தாள். அவளுடைய கண்முன்னேதான் வண்டியை இறக்கினார்கள்.

“நீ அமுக்கு” என்றார் எரிக்.

“நீங்க அமுக்க மாட்டீங்களா?”

“நீ மொதல்ல. என் விரலு மரத்துப்போச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம்.”

அவள் இரண்டு விரல்களை வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். “கல்லு.” பிறகு அவர் அழுத்தினார். கல்.

“அப்போ உங்க விரல் நல்லாத்தான் இருக்குது, அங்கிள்.”

“விரலு சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் தப்பா செஞ்சிட்டு, விரலு மேல பழி போட்டுட்டேன்.”

கடைக்குத் திரும்பியதும் செப்டம்பர் 9ஆம் தேதிப் பதிவை எழுதினார். கையைத் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய குறிப்பேடுகள் ஐந்தையும் இறக்கி, 2016இன் முதல் பக்கத்தைத் திறந்தார். அல்போன்சா படியில் இறங்கி வந்து, “என்னா, பங்ச்சரா, பிரேக்கா?” என்று கேட்டார். எரிக் பென்சிலை நாக்கில் தொட்டு, ஆயில் கப்பைத் திறந்து மூடிய ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

2019 மார்ச்சில் பென்சில் நின்றது. சிவசங்கரன், கோரமங்கலா. காரின் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு நந்தி மலைக்குக் கொண்டுபோனதாகவும், அங்கே இறக்கியதும் பிரேக் பிடிக்கவில்லை என்றும் சொன்னவர். கடையில் அழுத்தியபோது கல். ‘ஓட்டுநருக்குக் கை பழக்கமில்லை’ என்று அந்தப் பதிவின் ஓரத்தில் எரிக் தம் கைப்பட எழுதியிருந்தார். அந்த வரியைக் கோடிட்டு அடித்தார். பக்கத்தில் புள்ளி வைத்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கடைசிக் குறிப்பேடு முடிந்தபோது மணி ஒன்றரை. மேலே சோறு ஆறிக்கொண்டிருந்தது. எரிக் தொலைபேசியை எடுத்து, முதல் பக்கத்தில் முதல் புள்ளிக்குரியவரின் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதைக் கேட்டபடியே மறு கையால் அட்டையின்மேல் எழுதினார்.

புள்ளிகள்: இருநூற்றுப் பதினான்கு.